எட்டுத் தட்டும் ஆறிய வாத்தும்

கேள்வி: பத்தாவது திருமண நாளுக்கு ஜூன் மாதம் சென்னையிலிருந்து பாரிஸ் போயிருந்தோம். நல்ல பெயரும் நல்ல விலையும் உள்ள ஒரு பிரெஞ்சு உணவகத்தில் இரவுச் சாப்பாடு. எல்லாமே சின்னத் தட்டு, இருவரும் பகிர்ந்து சாப்பிட வேண்டுமாம். எட்டுத் தட்டு, பிரெட், நான்கு கிளாஸ் ஒயின், தண்ணீர், மொத்தம் 188 யூரோ. ஐம்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பசியோடு வெளியே வந்து தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பக்கம் தேடிப் போய்க் கொத்துப் பரோட்டா சாப்பிட்டோம். பிரெஞ்சுச் சாப்பாட்டை ரசிக்க எங்களுக்குத் தெரியவில்லையா, அல்லது ஏமாந்துவிட்டோமா? புகார் எழுதலாமா?

பதில்:

உங்கள் கதையைப் படிக்கும் முன் நீங்கள் இணைத்திருந்த பில்லைத்தான் படித்தேன். தொழில் புத்தி. பாரிஸ் உணவகக் குசினிகளில் இருபத்துநாலு வருடம் நின்றவன் நான். முதல் மூன்று வருடம் கோப்பை கழுவினேன். பிறகு சலாட் மேசை, கடைசிப் பத்து வருடம் இறைச்சி அடுப்பு. குசினி என்பது எங்கள் யாழ்ப்பாணத்துச் சொல், போர்த்துக்கீசர் விட்டுப் போனது. பிரெஞ்சுக்காரர் சொல்லும் குய்ஸினும் அதுவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. வந்த புதிதில் யாரும் சொல்லித் தராமல் எனக்கு விளங்கிய ஒரே பிரெஞ்சுச் சொல் அதுதான்.

சரி, பில். பாணும் வெண்ணெயும் 6. (உங்கள் பிரெட்தான் எங்களுக்குப் பாண். இனி அப்படித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) மீன் முட்டை தூவிய முட்டை மயோனைஸ் 9, லீக்ஸ் என்ற வெங்காய இனத் தண்டு வினெக்ரெட் 13, பச்சையாகக் கொத்திய மாட்டிறைச்சித் தார்த்தார் 18, சான் ஷாக் சிப்பி மூன்று துண்டு 24, பொம் தோஃபீன் என்ற உருளைக்கிழங்கு உருண்டை ஐந்து 12, வாத்து நெஞ்சிறைச்சி 28, சீஸ் 14, சாக்லெட் மூஸ் 12. அதற்கு மேல் 11 யூரோ வீதம் நான்கு கிளாஸ் வைன், போத்தல் தண்ணீர் 8. கூட்டல் சரி. ஒரு சதம் கூடப் பிழையில்லை. விலைப்பட்டியல் வாசலில் வெளியே தெரியத் தொங்க வேண்டும் என்பது இங்கே சட்டம், அதுவும் தொங்கியிருக்கும். அந்த அர்த்தத்தில் நீங்கள் ஏமாற்றப்படவில்லை.

ரசிக்கத் தெரியவில்லையா என்று கேட்டீர்களே, அது இன்னும் தவறு. நீங்கள் எழுதியதில் எனக்கு வயிற்றைக் கலக்கிய வரி விலையைப் பற்றியது அல்ல. "முதலில் உருளைக்கிழங்கு உருண்டை வந்தது, கூடவே வாத்து, வாத்தைத் தொடும் முன் லீக்ஸ், கடைசியாக முட்டை." வாத்துக்குப் பிறகு முட்டை மயோனைஸ்! எங்கள் பழைய ஷெஃப் இதைக் கேட்டிருந்தால் கரண்டியை எறிந்திருப்பார். நம்முடைய பந்தியில் பாயசம் சாப்பிட்டு மோரும் குடித்த பிறகு ஒருவர் வந்து சாம்பார் ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

பிரெஞ்சுச் சாப்பாட்டின் பலம் வரிசையில் இருக்கிறது. இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 2010-இல் யுனெஸ்கோ பிரெஞ்சுக்காரரின் விருந்துச் சாப்பாட்டை மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது, எந்த ஒரு தனி உணவையும் சேர்க்கவில்லை. சேர்த்தது ஒழுங்கை. தொடக்கத்தில் ஒரு பானம், பிறகு குறைந்தது நான்கு கட்டம், அதாவது முன்னுணவு, காய்கறியோடு மீனோ இறைச்சியோ, சீஸ், இனிப்பு. முடிவில் இன்னொரு சின்னப் பானம். மேசையில் கூடியிருப்பதும் கதைப்பதும் கூட அந்த விவரிப்பில் அடக்கம்.

இந்த வரிசை ஆதியிலிருந்தே இருந்தது என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரை பெரிய வீட்டு விருந்துகளில் ஒரு கட்டத்துக்குரிய அத்தனை பாத்திரங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மேசையின் மறுகோடியில் இருக்கும் மீன் உங்களுக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் ஆறியிருக்கும். பார்ப்பதற்கு அரண்மனை, சாப்பிடுவதற்கு அவஸ்தை. ஒன்று முடிந்த பின் அடுத்தது, அவரவருக்கு அவரவர் தட்டு என்ற முறையைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தவர் 1810 வாக்கில் இங்கே தூதராக இருந்த ரஷ்யர் குராகின் என்று சொல்வார்கள். அதனால்தான் அதற்கு ரஷ்யப் பரிமாறல் என்று பெயர். 1860-களில் ஊர்பேன் துபுவா என்ற சமையல்காரர் அதைப் பரப்பினார். ஆக, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு இதுதான் புதிய பாணி என்கிற உணவகம், தெரிந்தோ தெரியாமலோ இருநூறு வருடம் பின்னால் போயிருக்கிறது. ஆறிய வாத்தும் அந்தக் காலத்து வாத்துத்தான்.

இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கு எவ்வளவு வேலை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எஸ்கோஃபியே என்ற பெரிய சமையல்காரர் பிரஷ்யப் போரில் படைச் சமையலில் இருந்தவர். பிறகு 1890-களில் லண்டன் சவோய் ஹோட்டலில் குசினியையே ஒரு படைப்பிரிவு மாதிரிப் பிரித்தார். சோஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வாட்டலுக்கு ஒருவர், குளிர் உணவுக்கு ஒருவர், காய்கறிக்கு ஒருவர். பரிமாறுபவர்கள் தட்டை எடுக்கும் நீள மேசைக்குப் பாஸ் என்று பெயர். அந்த இடத்தில் நின்று சீட்டுகளைக் கூவி வாசிப்பவருக்கு அபுவாயேர் என்று பெயர். நேரே சொன்னால் 'குரைப்பவர்'. அவர் குரைத்தால்தான் நாங்கள் தொடங்குவோம். நாலாம் மேசைக்கு முன்னுணவு முடிகிறது என்று பரிமாறுபவர் வந்து சொல்ல, அவர் "நாலு, சா மார்ஷ்" என்று கூவ, நான் வாத்தை அடுப்பில் வைக்க, பக்கத்தில் நிற்பவன் அதே மேசைக்கு மீனை ஏழு நிமிடம் கழித்து வைக்க, இரண்டும் ஒரே நொடியில் பாஸுக்கு வர வேண்டும். ஒருவர் பிந்தினால் மற்றத் தட்டு விளக்கடியில் நின்று காயும். ஓர் இரவில் எண்பது பேருக்கு இதைச் செய்வது சமையலை விடக் கஷ்டமான வித்தை.

இப்போது சின்னத் தட்டுக்கு வாருங்கள். "எங்கள் தட்டுகள் தயாரானதும் ஒவ்வொன்றாக வரும்" என்று பரிமாறுபவர் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார். அது ஒரு பாணி மாதிரித் தெரியும். குசினிக்குள் அதன் பொருள் வேறு. குரைப்பவர் தேவையில்லை, நேரத்தை ஒத்துப் பார்க்கத் தேவையில்லை, யாருக்கு எது முடிகிறதோ அதை அனுப்பிவிடலாம். எட்டுப் பேர் வேலை செய்த இடத்தில் நாலு பேர் போதும். பொரிக்கும் எண்ணெய் எப்போதும் கொதித்துக்கொண்டு இருப்பதால் உருளைக்கிழங்கு உருண்டை மூன்று நிமிடத்தில் முடியும், ஆகவே அது முதலில் வரும். முட்டைக்கு மேல் மீன் முட்டையைச் சாமணத்தால் அடுக்க ஒருவர் வேண்டும், அவர் பன்னிரண்டு தட்டுப் பின்னால் நிற்கிறார், ஆகவே அது கடைசியில் வரும். எதை முதலில் சாப்பிடுவது, எவ்வளவு போதும், எது எதோடு சேரும் என்று முன்பு ஷெஃப் தீர்மானித்தார். இப்போது அந்த வேலை உங்கள் தலையில். விலையில் மட்டும் அந்த வேலைக்கான கூலி அப்படியே இருக்கிறது. உங்கள் மனக்குறைக்கு நான் கண்டுபிடித்த வேர் இதுதான், தட்டின் அளவு இதற்குப் பிறகுதான் வரும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழியை எல்லாரும் தவறான இடத்தில் போடுகிறார்கள். பெரிய தட்டில் சின்னத் துண்டு என்றதும் எழுபதுகளின் புதிய சமையலைத் திட்டுவார்கள். கோ, மில்லோ என்ற இரண்டு விமர்சகர்கள் 1973-இல் தங்கள் சஞ்சிகையில் அதற்குப் பத்துக் கட்டளை எழுதினார்கள். அதிகம் வேகவைக்காதே, புதிய பொருளைப் பயன்படுத்து, கனத்த சோஸ் வேண்டாம், அலங்காரத்தில் ஏமாற்றாதே என்றெல்லாம் இருக்கிறது. கொஞ்சமாகப் போடு என்று ஒரு கட்டளையும் இல்லை. சின்ன அளவுகளை உயர்தரச் சமையலுக்குள் மரியாதையாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜோயல் ரொபுஷோன். 1996-இல் 51 வயதில் ஓய்வு பெற்றவர், 2003-இல் திரும்பி வந்து, சின்னத் தட்டுகளில் கொறிக்கக் கொடுக்கும் ஸ்பானிய தப்பாஸ் கடையையும் ஜப்பானிய சுஷிக் கடையையும் மனதில் வைத்து, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து குசினியைப் பார்த்தபடி சாப்பிடும் கடையைத் தொடங்கினார். அங்கே தட்டு சின்னது, ஆனால் ஒவ்வொன்றும் உங்களுக்கு மட்டும். சமைத்தவர் நீங்கள் கரண்டியை வைப்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை நகர்த்துவார். பகிரல் இல்லை, குழப்பம் இல்லை.

பகிரும் தட்டு வந்தது வேறு வழியால், வைன் கடை வழியால். அதற்கு ருசியோடு சம்பந்தமில்லாத ஒரு காரணமும் உண்டு. பிரான்ஸில் மது விற்கும் முழு உரிமத்தைப் பொதுவாகப் புதிதாகக் கொடுப்பதில்லை, இருப்பதை விலைக்கு வாங்க வேண்டும், பாரிஸில் அது லேசான காசு இல்லை. உணவகங்களுக்கென்று ஒரு சின்ன உரிமம் உண்டு. அதை வைத்திருந்தால் வைனும் பியரும் சாப்பாட்டோடு மட்டுமே விற்கலாம். வைன்தான் கடையின் உயிர், ஆனால் சும்மா ஊற்ற முடியாது, கூட ஏதாவது சாப்பாடு இருக்க வேண்டும். ஒரு துண்டு பன்றித் தொடை, ஒரு சீஸ், ஒரு சார்டின் டப்பா. அப்படித் தொடங்கியவை மெல்ல மெல்ல அழகாகி, 2010-க்குப் பிறகு பாரிஸின் கிழக்குப் பக்கம் முழுக்கப் பரவின. பக்கத்தில் வைன் கிளாஸோடு நின்று இரண்டு தட்டுக் கொறிப்பதற்கு அது அருமையான முறை. எனக்கும் பிடிக்கும். அதே முறைக்கு வெள்ளை மேசைத்துணி போட்டு, வாத்து 28 என்று எழுதி, இரவுச் சாப்பாடு என்று பெயர் வைத்தபோதுதான் வில்லங்கம் தொடங்கியது.

இனித் தட்டுத் தட்டாக வருவோம். எல்லாவற்றையும் அலச மாட்டேன். தார்த்தாரும் மூஸும் நன்றாக இருந்தன என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம், விட்டுவிடுகிறேன்.

சிப்பிதான் எனக்குச் சந்தேகம் தந்தது. "வெளிறிப் போய், பால் போல ஒரு நீரில் மிதந்தது" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போனது ஜூன். பிரான்ஸில் சான் ஷாக் சிப்பி பிடிக்கும் காலம் அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை. இடையில் சிப்பி முட்டையிட்டுப் பெருகட்டும் என்று மூடிவிடுவார்கள். ஆகவே ஜூனில் உங்கள் தட்டுக்கு வந்தது பிரெஞ்சுக் கரையில் அன்று இறங்கியதாக இருக்க வழியில்லை. உறைய வைத்ததாக இருக்கும், அல்லது வேறு நாட்டிலிருந்து வந்திருக்கும். உறைந்த சிப்பியே குற்றம் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியில் உருக வைத்து, துணியில் ஒற்றி, புகை வரும் சட்டியில் ஒரு பக்கம் மட்டும் நிறம் பிடிக்க விட்டால் நல்லதாகவே வரும். அவசரத்தில் உருக்கினால் உள்ளே இருக்கும் நீர் சட்டியில் இறங்கும், வாட்டலுக்குப் பதில் அவியல்தான் நடக்கும். நீங்கள் பார்த்த பால் நீர் அதுதான். வாசலில் வீட்டில் சமைத்தது என்ற முத்திரை, ஒரு சட்டிக்கு மேல் கூரை போட்ட படம், இருந்ததாகவும் சொன்னீர்கள். 2014-இல் வந்த அந்த முத்திரை பச்சையாக உறைய வைத்த பொருளைத் தடுக்கவில்லை. அங்கேயே சமைத்தால் போதும்.

இரண்டு பேருக்கு ஏன் மூன்று துண்டு? அப்புறம் ஏன் ஐந்து உருண்டை? இதில் சதி எதுவும் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் முதல் காரணம் கண்ணுக்கு. ஒற்றைப்படை எண் தட்டில் வடிவாக இருக்கும் என்று எங்களுக்கு முதல் வருடமே பழக்குவார்கள். மூன்று வைத்தால் முக்கோணம், நாலு வைத்தால் சதுரம், சதுரம் கன்டீன் மாதிரி. ஒருவருக்கு ஒரு தட்டு என்ற காலத்தில் பிறந்த பழக்கம் அது. பகிரும் தட்டுக்கு அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்ல கடையில் பரிமாறுபவர் கேட்பார்: "இரண்டு பேர், நாலாக்கித் தரட்டுமா?" கூடுதல் துண்டுக்கு எட்டு யூரோ போடுவார்கள், போடட்டும். மூன்றாவது சிப்பியை யார் சாப்பிடுவது என்று திருமண நாளில் கணவனும் மனைவியும் உபசாரம் பேச வேண்டியிராது.

வாத்து. கொழுத்த வாத்தின் முழு நெஞ்சு 350 முதல் 400 கிராம் வரும். உங்கள் தட்டில் மெல்லிய சீவல் ஆறு என்றால் மூன்றில் ஒரு பங்கு. தோல் வெள்ளையாக, ரப்பர் போல இருந்தது என்றீர்கள். தோலில் கத்தியால் கீறிவிட்டு, குளிர்ந்த சட்டியில் தோல் பக்கம் கீழே வைத்து, மெல்லிய நெருப்பில் பத்து நிமிடமாவது கொழுப்பை உருக்க வேண்டும். அதன் பிறகு இறைச்சியை வெளியே எடுத்து ஐந்தாறு நிமிடம் சும்மா விட வேண்டும். அப்போதுதான் சாறு உள்ளே நிற்கும். சுடுதட்டில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துச் சீவினால் நீங்கள் சாப்பிட்டது மாதிரி இருக்கும். அதற்கு மேல் ஒரு விஷயம், சமையல் கூட இல்லை, சாதாரண இயற்கை விதி. சின்னத் துண்டு சீக்கிரம் ஆறும். பெரிய துண்டு மேசையில் இருபது நிமிடம் சூடு பிடிக்கும். ஆறு சீவலுக்கு நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் உங்கள் மேசையில் வேறு இரண்டு தட்டு இருந்தன.

இனி முக்கியமான இடம், பசி. எட்டுத் தட்டுச் சாப்பிட்டும் ஏன் பசித்தது என்பது உங்களுக்கே புதிராக இருக்கும். பிரெஞ்சுச் சாப்பாடு இறைச்சியால் வயிற்றை நிரப்புவது இல்லை. நிரப்புவது பாண், சோஸ், சீஸ், நேரம். தட்டில் மிஞ்சிய சோஸைப் பாணால் துடைத்துச் சாப்பிடுவதற்கு இவர்களிடம் தனியாக ஒரு வினைச்சொல்லே இருக்கிறது, சோஸே. மரியாதையான இடத்தில் செய்யக் கூடாது என்பார்கள், எல்லாரும் செய்வார்கள். குழம்பில்லாமல் சோற்றை நினைத்துப் பாருங்கள். சின்னத் தட்டில் சோஸ் என்பது மூன்று புள்ளி. துடைக்க ஒன்றுமில்லை. துடைப்பதற்கான பாணுக்கோ ஆறு யூரோ.

இந்தப் பாண் கதையில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். சாப்பாட்டோடு வரும் பாணும் குழாய்த் தண்ணீரும் விலைக்குள் அடங்கும் என்று 1967-ஆம் ஆண்டின் அரசாணை சொல்கிறது. உப்பு, மிளகு, கைத்துணி எல்லாம் அதில் உண்டு. தண்ணீர் இலவசம் என்று பட்டியலில் எழுதிவைக்க வேண்டும் என்று பின்னால் இன்னொரு சட்டமும் வந்தது. கடைக்காரர் செய்வது என்னவென்றால், பாணை ஓர் உணவாக்கிவிடுகிறார். புளிக்க வைத்த மாவுப் பாண், கடற்பாசி கலந்த வெண்ணெய், தட்டு எண் ஒன்று. அதற்கு விலை போடலாம், தடையில்லை. ஆனால் "சாதாரணப் பாண் கொஞ்சம் தாருங்கள்" என்று நீங்கள் கேட்டிருந்தால் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அதே போல "யூன் காராஃப் தோ" (ஒரு ஜாடித் தண்ணீர்) என்ற மூன்று சொல்லில் உங்கள் எட்டு யூரோத் தண்ணீர் மிச்சமாகியிருக்கும். பாரிஸ்காரர் யாரும் போத்தல் தண்ணீர் வாங்கிக் கௌரவம் காட்டுவதில்லை.

மற்றக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் 10 சதவீதமும் மதுவில் 20 சதவீதமும் வரி, விலைக்குள்ளேயே இருக்கிறது. பரிமாறும் கூலியும் உள்ளேதான், மேலதிகமாகக் கொடுப்பது உங்கள் விருப்பம். பொருட்செலவு விற்கும் விலையில் கால் பங்குக்கும் மூன்றில் ஒன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது தொழிலில் பொதுக் கணக்கு. சிப்பியில் அது நிற்காது, கடைக்குக் கையைக் கடிக்கும். ஐந்து உருளைக்கிழங்கு உருண்டையில் ஒரு யூரோவுக்கும் குறைவான பொருள்தான் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டுதான் சிப்பியைத் தாங்குகிறது. ஒரு கிளாஸின் விலை அநேகமாகக் கடைக்காரர் முழுப் போத்தலுக்குக் கொடுத்த விலை. போத்தலில் ஆறு கிளாஸ் வரும், மிச்சத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். இதையெல்லாம் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். பாரிஸ் வாடகையைக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் சம்பளமும் அந்த உருண்டையிலிருந்துதான் வந்தது.

ஐம்பது நிமிடத்தில் முடிந்ததற்கும் காரணம் உண்டு. அதே மேசைக்கு அடுத்து வேறு ஆட்கள் வர இருந்திருப்பார்கள். எல்லாத் தட்டையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் குசினிக்குக் கொண்டாட்டம், சீட்டு ஒன்று, அடித்து அனுப்பிவிடலாம்.

இதை எல்லாம் தெரிந்த நானே ஒரு முறை மாட்டினேன். மகள் முதல் சம்பளத்தில் எங்கள் இருவருக்கும் இப்படி ஓர் இடத்தில் மேசை பிடித்துத் தந்தாள். பதினோராம் வட்டாரம், திறந்த குசினி, அரை வெளிச்சம். நான் சாப்பிட்டதை விடக் குசினியைப் பார்த்ததுதான் அதிகம். ஐம்பது நாற்காலிக்கு மூன்று பேர் நின்றார்கள், பாவம், நல்ல பிள்ளைகள், கை வேகமாகத்தான் ஓடியது. எங்கள் மீன் தட்டு பாஸில் ஆறு நிமிடம் நின்றது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், மனைவி என்னைப் பார்த்தார். கடைசியில் வந்தபோது மீனின் மேல் இருந்த நுரை வற்றி, சவர்க்காரம் காய்ந்த மாதிரி ஒரு கோடு மட்டும் இருந்தது. பரிமாறிய பெண் "எல்லாம் நன்றாக இருக்கிறதா" என்று கேட்டபோது இருவரும் தலையாட்டினோம். மகள் கொடுத்த காசு, திட்ட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரவு பதினொன்றரைக்கு மனைவி புட்டு அவித்தார்.

அந்தத் தலையாட்டல் தவறு. குசினியில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், வாத்து ஆறியிருக்கிறது என்று அந்த நிமிடமே சொல்லுங்கள். தட்டு திரும்பி வந்தால் குசினியில் ஒருவர் முணுமுணுப்பார், உண்மை. ஆனால் இரண்டு நிமிடத்தில் வேறு போய்விடும். சாப்பாட்டில் துப்புவார்கள் என்பதெல்லாம் சினிமாக் கதை, இருபத்துநாலு வருடத்தில் நான் பார்த்ததில்லை. எதுவும் சொல்லாமல் பாதியை விட்டுப் போகும் தட்டுத்தான் எங்களைக் குழப்பும். கோப்பை கழுவிய காலத்தில் ஷெஃப் என்னிடம்தான் வந்து கேட்பார், எந்தத் தட்டு நிறைய மிஞ்சி வருகிறது என்று. ஊரில் பெரிய விமர்சகர் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

இனிமேல் இப்படியான இடத்துக்குப் போனால் மூன்று தட்டு மட்டும் முதலில் சொல்லுங்கள், குளிர் உணவு இரண்டு, சூடு ஒன்று. பட்டியலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "லன் ஆப்ரே லோத்ர்" என்றால் ஒன்றன்பின் ஒன்றாக. அதை மெதுவாக, சிரித்துக்கொண்டு சொன்னால் பரிமாறுபவர் சீட்டில் எழுதிக்கொள்வார், குசினியும் கேட்கும். எத்தனை துண்டு என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். இருவருக்கு ஏழெட்டுத் தட்டு வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும் பரிமாறுபவரை விட, "இவ்வளவு போதும், பிறகு பார்க்கலாம்" என்று தடுக்கும் பரிமாறுபவர் நிற்கும் கடையை நம்பலாம்.

புகாரைப் பற்றி. அளவுக்காக எழுத வேண்டாம், அதற்குப் பதில் வாசலில் தொங்கிய பட்டியல்தான். ஆறிய வாத்துக்கும் தலைகீழ் வரிசைக்கும் எழுதலாம். கோபமில்லாமல், எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தட்டு எதற்குப் பிறகு வந்தது என்று மட்டும் எழுதுங்கள். சில ஷெஃப்மார் அதைக் குசினிச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். காசு திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் மனைவி லீக்ஸை ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை, நார் நாராகப் பல்லில் மாட்டியது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மட்டும் ஒரு பரிகாரம் சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை பாரிஸ் வந்தால் புயோன் என்ற பெயருள்ள கடை ஒன்றுக்குப் போங்கள். 1855-இல் துவால் என்ற இறைச்சிக்கடைக்காரர் சந்தைத் தொழிலாளிகளுக்கு மலிவாக இறைச்சி ரசமும் அவித்த இறைச்சியும் விற்கத் தொடங்கியதில் பிறந்த வகை அது. 1896-இல் தொடங்கிய ஷார்த்தியே இன்னும் நடக்கிறது, 2021-இல் ரெப்யூப்ளிக் சதுக்கத்தருகே திறந்ததும் உண்டு. வரிசையில் நிற்க வேண்டும், மேசை நெருக்கம், சத்தம் காதைக் கிழிக்கும். பாண் கூடை கேட்காமலே வரும். சில யூரோவுக்கு லீக்ஸ் வினெக்ரெட் கிடைக்கும். கத்தி வைத்தால் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும் வரை அவித்து, சூடு ஆறும் முன்பே கடுகு போட்ட வினாகிரியை ஊற்றி ஊறவிட்டிருப்பார்கள். சூட்டோடு ஊற்றினால்தான் உள்ளே போகும், ஆறிய பின் ஊற்றினால் மேலேயே நிற்கும். ஒன்று வாங்கிப் பகிராமல், ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.